கட்டிலில் உட்காராத சர்வேயர்

என் வீட்டில் தொலைபேசி கிடையாது. கே.கே. நகரில் எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்குத்தான் அவசரச் செய்திகள் வரும். அன்று காலை ஏழு மணிக்குக் கடைக்காரரே கடையை அப்படியே போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றார். "சார், உங்க ஆபீஸ்காரங்க யாரோ போன் பண்ணாங்க. இன்னாசி சார் தவறிட்டாராம்" என்றார். "எந்த இன்னாசி?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த இன்னாசி ஒருவர்தான். இருந்தும் அப்படிக் கேட்டேன்.

பழங்காநத்தத்தில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆபீஸில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். மாரடைப்பு. ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம் இருந்தது. பெட்டியில் மல்லாக்கப் படுக்க வைத்து, கால்களை நேராக நீட்டி, கைகளில் ஜெபமாலையைச் சுற்றியிருந்தார்கள். பதினெட்டு வருஷமாக அவரால் மல்லாந்து படுக்க முடியாது. அதனால் பெட்டிக்குள் இருந்தவர் வேறு யாரோ போலத்தான் எனக்குத் தெரிந்தார். "இனிமேலாவது வலியில்லாம இருப்பாரு" என்று பக்கத்தில் நின்றவர் என் காதோரம் சொன்னார். உயிரோடு இருந்தபோது, 'அவருக்கென்ன, நல்லாத்தானே நடக்கிறாரு' என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களில் அவரும் ஒருவர். நானும் ஒருவன்.

நம் சங்கத்து மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். கடமை தவறாதவர், பழகுவதற்கு இனியவர் என்று எழுதி முடித்திருக்கலாம். இன்னாசிமுத்து பழகுவதற்கு அவ்வளவு இனியவர் ஒன்றும் இல்லை. காலையில் பஸ்ஸில் குட்மார்னிங் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவார். கடமை தவறவில்லையா என்றால், சர்க்கார் காகிதத்தில் ஒருமுறை சுத்தப் பொய் சொன்னார். அதை எழுதிக் கொடுத்தவன் நான். இப்போது இதைச் சொல்வதால் என் மேல் மெமோ வந்தால் வரட்டும், எனக்கும் இன்னும் இரண்டு வருஷம்தான் பாக்கி. எந்தத் தாலுகா ஆபீஸ் என்று எழுதப் போவதில்லை. காலை ஏழே முக்கால் மேலூர் ரோட்டு பஸ்ஸில் எங்களோடு தொங்கிக்கொண்டு வந்தவர்களுக்குத் தெரியும்.

அவர் அங்கே சர்வேயர். நான் டிராப்ட்ஸ்மேன். அவர் வயலில் அளந்து குறித்துக்கொண்டு வருவதை நான் மேஜையில் வரைபடமாகப் போடுவேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். "முறை இடிக்குதேய்யா" என்று ஹெட்கிளார்க் கிண்டல் செய்வார். நாங்கள் இருவருமே மாற்றிக்கொள்ளவில்லை.

அவருக்கு நாற்பது வயதிருக்கும்போது ஒரு மழைக்காலத்தில், சங்கிலிக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலைத் தாண்டினார். அளவுச் சங்கிலியைத் தூக்குவது செயின்மேன் வேலை. அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் என்று இவரே தூக்கியிருக்கிறார். கரையில் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்தார். இடது கால் மரத்துப்போயிற்று. எண்ணெய், பத்து, ஒத்தடம் என்று எட்டு மாதம் ஓடியது. காலை இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்த பிறகு பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் முதுகுத் தண்டில் ஆபரேஷன் செய்தார்கள். மூன்று மாதம் லீவு. திரும்பி வந்தபோது கால் சரியாகியிருந்தது. முன்போலவே விறுவிறு என்று நடந்தார். ஆபீஸில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். முதுகு வலி மட்டும் போகவில்லை.

போய்விடும் என்றுதான் முதலில் அவரும் நினைத்தார். ஆறு மாதம் கழித்து மறுபடி டாக்டரிடம் போனார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஆபரேஷன் நன்றாக வந்திருக்கிறது, படத்தில் ஒரு குறையும் இல்லை என்றார். அது பொய்யில்லை. படத்தில் குறை இல்லைதான். அன்று மத்தியானமே ஆபீஸ் முழுவதும் அந்தச் செய்தி பரவிவிட்டது. அதன் பிறகு அவர் வலி என்று சொன்னபோதெல்லாம், படத்தில் ஒன்றும் இல்லையாமே என்று யாராவது நினைவுபடுத்தினார்கள். "படத்துல எலும்பு விழுகுது. வலி விழுகல. நான் என்னய்யா செய்ய?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தார். அதற்குப் பிறகு வலி என்ற வார்த்தையை ஆபீஸில் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அவரை நம்ப முடியாமல் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. வெயிலில் ஐந்து மைல் நடப்பார். ஆனால் நாற்காலியில் கால் மணி நேரம் உட்கார மாட்டார். முதுகு வலிக்காரன் என்றால் நடக்க முடியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம். இவருக்கு எல்லாம் தலைகீழாக இருந்தது. டிராப்ட்ஸ்மேன் மேஜை உயரமாக இருக்கும் என்பதால், வயலில் இருந்து வந்ததும் என் மேஜையின் மறுபக்கம் நின்றபடியே குறிப்புகளை எழுதி முடிப்பார். முழங்கையை ஊன்றி, காயாத என் கோடுகளை எத்தனையோ முறை அழித்திருக்கிறார். பென்சில் கீழே விழுந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் விரலால் எடுத்து, காலை மடக்கிக் கைக்குக் கொண்டு வருவார். சர்க்கஸ் என்று சொல்லிச் சிரிப்போம். அவரும் சிரிப்பார். கொஞ்சம் நடிக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். அதை இங்கே எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதிப் பயனில்லை.

இப்போது அந்தக் கட்டில் விவகாரத்துக்கு வருகிறேன். மேலூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு. அளந்து எல்லையைக் காட்டச் சொல்லி ஆர்டர். பழைய நிலப்படத்தில் சந்தேகம் இருந்ததால் அன்றைக்கு நானும் கூடப் போனேன். அண்ணன்காரர் வேப்பமரத்து நிழலில் கயிற்றுக் கட்டில் போட்டு, அதன் மேல் புது ஜமுக்காளம் விரித்து வைத்திருந்தார். "உக்காருங்க சார், எளநி வெட்டிக்கிட்டிருக்கான்" என்றார். நான் போய் உட்கார்ந்தேன். இன்னாசி அண்ணன் உட்காரவில்லை. கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்ந்து கிடந்தது. அதில் உட்கார்ந்தால் அவர் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். "இருக்கட்டும்யா, நின்னுக்கிறேன்" என்றார். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வற்புறுத்தினார்கள். இளநீரை நின்றுகொண்டே குடித்தார். "எங்க கட்டில் ஆகாதோ?" என்று அந்த வீட்டுப் பெண் ஒருத்தி கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

பிறகு தம்பியின் நிலத்தில் அளந்தார்கள். அங்கே உபசாரம் எதுவும் இல்லை. ஒரு கிணறு இருந்தது. அதன் கைப்பிடிச் சுவர் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. அதில் பாதி சாய்ந்து பாதி நின்ற மாதிரி இருந்தால் அவருக்கு வலி கொஞ்சம் மட்டுப்படும். செயின்மேன் கல்லைத் தேடிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்தச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் எல்லைக்கல் கிடைத்தது. அண்ணன்காரரின் வரப்பு தம்பியின் நிலத்துக்குள் இரண்டடி வந்திருந்தது. அளவில் தவறு இல்லை. நான் படத்தோடு வைத்துச் சரிபார்த்தேன்.

பத்து நாளில் தாசில்தாருக்கு மனு வந்தது. எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார மறுத்த சர்வேயர், தம்பியின் கிணற்றுச் சுவரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார், அங்கே கைமாறியது என்னவென்று விசாரிக்க வேண்டும் என்று எழுதி, ஊரில் பதினாறு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவர்கள் வேண்டுமென்று புளுகியதாக நான் நினைக்கவில்லை. யார் வீட்டில் உட்கார்கிறான், யார் வீட்டில் உட்கார மறுக்கிறான் என்பதை வைத்துத்தான் அந்தப் பக்கத்தில் மனுஷனை எடை போடுவார்கள். கட்டிலை மறுத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். கிணற்றில் சாய்ந்ததையும் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

அவரிடம் விளக்கம் கேட்டு மெமோ போயிற்று. 'நின்றுகொண்டே பணி செய்வது என் வழக்கம்' என்று ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்தார். தாசில்தாருக்கு அது திமிராகப் பட்டது. கூட இருந்த சாட்சி என்று என்னை மறுநாள் கூப்பிட்டிருந்தார். அன்று சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றபடி, இன்னாசி அண்ணன் என்னிடம் பேசினார்.

"மாப்ள, நாளைக்குக் கேட்டா அளந்தது சரின்னு மட்டும் சொல்லு. முதுகப் பத்தி மூச்சு விடாத."

"ஏண்ணே? அதைச் சொன்னா பெட்டிசன் அங்கயே செத்துரும்ல?"

"பெட்டிசன் செத்துரும். என்னையத் தூக்கிச் சீட்டுல வச்சிருவாய்ங்க. நடந்தா எனக்குப் பாதி வலி, உக்காந்தா ரெண்டு பங்கு. நாள் பூரா உக்கார வச்சா நான் ஆளே இல்லாமப் போயிருவேன்."

"சஸ்பெண்டு பண்ணிட்டா?"

"அளவு சரியா இருக்குல்ல. எவன் வேணாலும் வந்து அளந்து பாக்கட்டும். நீ சொல்ல மாட்டேன்னு சொல்லு."

சொல்ல மாட்டேன் என்று சொன்னேன்.

மறுநாள் தாசில்தார் முன்னால் முதல் ஐந்து நிமிஷம் வாக்கைக் காப்பாற்றினேன். பிறகு அவர் சஸ்பென்ஷன் ஆர்டரை டைப் அடிக்கச் சொல்லப் போவதாகச் சொன்னார். லஞ்சம் என்ற வார்த்தையையும் சொன்னார். எனக்கு இன்னாசி அண்ணனின் இரண்டு பெண் பிள்ளைகளின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. சார், அவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, உட்கார்ந்தால் வலிக்கும், அதனால்தான் கட்டிலில் உட்காரவில்லை என்று சொல்லிவிட்டேன். தாசில்தார் நல்ல மனுஷர். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஐயய்யோ, ஆபரேஷன் பண்ணின ஆளையா நாம வெயில்ல அலைய விட்டிருக்கோம்?" என்றார். நடந்தால் அவருக்கு ஒன்றுமில்லை சார், உட்கார்ந்தால்தான் என்று நான் இழுத்தேன். நானே பாதி நம்பாமல் சொன்னதால் அது அவரிடம் எடுபடவில்லை. "நாற்காலிக்கு ஒரு மெத்தை போட்டுட்டாப் போச்சு" என்று முடித்துவிட்டார்.

வேறொரு சர்வேயரை அனுப்பி மறுபடி அளந்தார்கள். அதே இரண்டடிதான் வந்தது. மனு தள்ளுபடியாயிற்று. அதே வாரம் இன்னாசி அண்ணனுக்கு, உடல்நிலையை உத்தேசித்து ஆபீஸில் ரெக்கார்டுப் பிரிவில் இருக்கை வேலை என்று ஆர்டர் வந்தது. தாசில்தார் தம் அறையில் இருந்து கைவைத்த பிரம்பு நாற்காலி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். இலவம்பஞ்சு மெத்தை தைத்துப் போட்டிருந்தது. ஆபீஸே வந்து சுற்றி நின்றது. யோகம்தான் என்றார்கள். தாசில்தாரும் வந்து, உட்காரச் சொன்னார். அவர் உட்கார்ந்தார். "நல்லா இருக்கு சார்" என்று நன்றியும் சொன்னார். கூட்டம் கலைந்த பிறகு, தலையைத் திருப்பாமல், "உக்கார வச்சுட்டியே மாப்ள" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

அந்த நாற்காலியில் அவர் ஆறு வருஷம் இருந்தார். எப்படி இருந்தார் என்பதைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்திருக்க ஒரு சாக்கு வேண்டும். பியூன் எடுத்து வர வேண்டிய ரெக்கார்டுகளைத் தாமே போய் எடுத்தார். பானைத் தண்ணீர் குடிக்க அடிக்கடி எழுந்து போனார். அவர் போகிற கணக்கைப் பார்த்துவிட்டுப் பியூன் என்னிடம் வந்து, "சாருக்குச் சுகர் இருக்கும்ணே, டெஸ்டு பண்ணச் சொல்லுங்க" என்றார். ஆள் இல்லாத நேரத்தில் மேலதிகாரி வந்தால் சீட்டில் இல்லை என்று எழுதிவிடுவார்கள். அதற்காக நாற்காலி முதுகில் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு வைத்திருந்தார். துண்டு கிடந்தால் ஆள் பக்கத்தில் இருக்கிறார் என்று அர்த்தம் என்பது நம் ஆபீஸ் வழக்கம். அந்தத் துண்டு அவரைவிட அதிக நேரம் வேலை பார்த்தது. இருந்தும் இரண்டு மெமோ வாங்கினார்.

அந்த வருஷங்களில் ஒருநாள், சிடுசிடுப்பு இல்லாத ஒரு மத்தியானத்தில், எப்படித்தான் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன். "வீட்டோட வந்து தங்குன மச்சான் மாதிரி நெனைச்சுக்க வேண்டியதுதான் மாப்ள. போடான்னு சொல்லவும் முடியாது, அவனாப் போகவும் மாட்டான். அவன் சாப்புடுற நேரம், தூங்குற நேரம் பாத்து நாம நம்ம சோலியப் பாத்துக்கிறணும்" என்றார். வலி எந்த நேரம் தூங்குகிறது என்பது அவருக்குத் தெரியும். காலை பத்து முதல் பதினொன்றரை வரை. கணக்குப் பார்க்க வேண்டிய வேலைகளை அந்த நேரத்தில் முடித்துவிடுவார். மூன்று மணிக்கு மேல் அவரிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டால் குத்தலாக ஏதாவது வரும். இந்த மலரைப் படிப்பவர்களில் அப்படிக் குத்து வாங்கியவர்கள் பலர் இருக்கிறீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழங்காநத்தம் போனேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன், பூவன் பழம் ஒரு சீப்பும் வாங்கிக்கொண்டு. அவர் சமையலறையில் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சம்மணம் போட முடியாது, நாற்காலியும் ஆகாது. அலமாரித் தட்டின் மேல் சாப்பாட்டுத் தட்டை வைத்து, இடது கையால் அலமாரியின் விளிம்பைப் பிடித்திருந்தார். மேலே பனியன்கூட இல்லை. முதுகில் ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு இறங்கியது. நான் வந்தது அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு வாய்க்கும் இடையில் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அடுத்த வாய். பார்ப்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் யாரும் நடிக்க மாட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனை வருஷம் கழித்து அன்றுதான் அவரை நம்பினேன்.

அவர் மனைவி லூர்து மதினி மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வாசல் வரை என்னோடு வந்தார். "அண்ணனுக்கு என் மேல கோவம் இருக்கும் மதினி" என்றேன்.

"கோவம் இருந்தா எனக்குச் சந்தோசமா இருக்கும் தம்பி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா அவருக்குப் பேச்சே இல்ல. செவத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. பிள்ளைக கிட்டப் போகப் பயப்படுதுக. கோயில்ல எல்லாரும் முழங்கால் போடுறப்ப இவரு மட்டும் பின்னாடி நிக்கிறாருன்னு, சபை மாறிட்டாரான்னு கேக்குறாங்க. அதுக்கெல்லாம் முன்ன சிரிப்பாரு. வயக்காட்டுல அலையிறப்ப வீட்டுக்கு வந்து சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு" என்றார். பழத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பினேன்.

அதற்குப் பிறகு நானும் சும்மா இருக்கவில்லை. இரண்டு தாசில்தார்களிடம் அவரைத் திரும்ப வயல் வேலைக்கு அனுப்பச் சொல்லிப் பேசிப் பார்த்தேன். பாவம், முடியாத ஆளை ஏன் வெயிலுக்கு அனுப்பச் சொல்கிறீர்கள் என்று என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள். கிராமங்களில் கணக்கு எழுதிய கர்ணங்களின் பதவி ஒழிந்து, பட்டாக்களைப் புதுப்பிக்கும் வேலையும் சேர்ந்து வந்த சமயத்தில் சர்வேயர் பஞ்சம் ஏற்பட்டது. புதிதாக வந்த தாசில்தார், அளவு தெரிந்தவர்கள் யார் இருந்தாலும் வயலுக்குப் போகலாம், முன்பு உடல்நிலைக்காகச் சீட்டுக்கு வந்தவர்கள் மட்டும் பூரண குணமாகிவிட்டது என்று மனுவும் டாக்டர் சர்டிபிகேட்டும் தர வேண்டும் என்றார். இன்னாசி அண்ணன் அன்று காலையிலேயே என் மேஜைக்கு வந்து பழைய மாதிரி எதிரில் நின்றார். "நீதான் எழுதுற" என்றார்.

எட்டு வரி எழுதினேன். மேற்படி அறுவைச் சிகிச்சைக்குப் பின் முதுகில் எனக்கு எவ்வித வலியோ அசௌகரியமோ இல்லை என்றும், குனியவும் நிமிரவும் நீண்ட நேரம் உட்காரவும் என்னால் முழுமையாக இயலும் என்றும் இதன்மூலம் உறுதி கூறுகிறேன். வலிக்கிறது என்பதைப் பத்து வருஷமாக நம்ப ஆள் கிடைக்காத மனிதர், வலிக்கவே இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. நின்றபடி ஒரு தடவை படித்தார். எங்கே என்று கேட்டு, நான் காட்டிய இடத்தில் போட்டார்.

சர்டிபிகேட்டுக்கு அவரோடு நானும் போனேன். வேறொரு டாக்டர். பழைய எக்ஸ்ரேயைப் பார்த்தார். ஒரு குறையும் இல்லையே என்றார். எத்தனை வருஷம் அந்தப் படம் அவரைப் பொய்யன் ஆக்கியது. அன்றைக்கு அதுவே அவருக்குச் சாட்சி சொன்னது. ஆனால் டாக்டர் அதோடு விடவில்லை. அரைக் கதவுக்கு மேலே எனக்கு உள்ளே நடப்பது தெரிந்தது.

"குனியுங்க."

குனிந்தார்.

"வலிக்குதா?"

"இல்ல சார்."

"இன்னும் நல்லா. கை பாதத்துக்கிட்ட போகட்டும்."

கை முழங்காலைத் தாண்டி இறங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"இப்ப?"

"இல்ல சார்."

"உக்காந்து எந்திரிங்க. கையை ஊனாம."

மூன்று தடவை உட்கார்ந்து எழுந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வராண்டாவில் நாலு பேர் இருந்ததால் மூக்கைச் சிந்துவது போலக் கைக்குட்டையை எடுத்துக்கொண்டேன்.

வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. கையில் சர்டிபிகேட். எதிரில் இருந்த டீக்கடை வரை நடந்தோம். அங்கே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அந்த மனுவின் நகலைச் சட்டைப் பையில் இருந்து எடுத்து இன்னொரு முறை படித்தார்.

"நல்லாப் பொய் எழுதுற மாப்ள. அம்புட்டும் சொக்கப் பொய்யி."

நான் பையில் சில்லறை தேடினேன்.

"அன்னைக்குத் தாசில்தாருகிட்ட இதுல கால்வாசி சொல்லியிருந்தாப் போதுமேடா" என்றார்.

அந்த நாளைப் பற்றி அவர் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. "விடு. டீ சொல்லு. எனக்குச் சக்கரை தூக்கலா" என்றார். நகலை மடித்து என் பையில் போட்டார்.

அதன் பிறகு ஏழு வருஷம் வயலில் இருந்தார். வலி போகவில்லை. நடக்கிற வலிக்குத் திரும்பினார், அவ்வளவே. மத்தியான பஸ்ஸில் போகும்போது சில நாள் தூரத்தில் வரப்பு மேல் பார்த்திருக்கிறேன். குடையைப் பிடித்துக்கொண்டு, செயின்மேனுக்கு நூறடி முன்னால் போய்க்கொண்டிருப்பார். கட்டில் போடும் கிராமங்களுக்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். இரண்டு தரப்புக் கட்டிலின் விளிம்பிலும் ஓர் இளநீர் குடிக்கிற நேரம், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்துவிடுவார். "அளவுல மட்டுமில்ல மாப்ள, வலியிலயும் நமக்குப் பாரபட்சம் கிடையாது. ரெண்டு பக்கமும் சமமா வலிச்சுக்கிறேன்" என்றார். வீட்டிலும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார் என்று மதினி சொன்னார்கள்.

அவரிடம் இருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த நகல் தாள் ஒன்றுதான். மடிப்புகளில் கிழிந்து, டீக்கறை பட்டு, என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அடக்கம் முடிந்து வந்த அன்று எடுத்துப் படித்தேன். எழுத்து என்னுடையது, கையெழுத்து அவருடையது. எட்டு வரியில் ஒரு வரிகூட உண்மை இல்லை. அவரைப் பற்றி நான் சொன்னதிலும் எழுதியதிலும் அவருக்கு உபயோகப்பட்டது அது ஒன்றுதான். இந்தப் பக்கங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.